விட்டுக் குடுக்காத கயிறு

பையை மேல வைக்கவான்னா கேக்குறீங்க? வேணாம் தம்பி, மடியிலயே இருக்கட்டும். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. மேல கம்பியில வச்சா பஸ்சு வளைவுல திரும்புறப்ப உருண்டு யார் தலையிலயாவது விழும், அப்புறம் அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு வாய் ஓஞ்சுபோச்சு.

ஆமா, ஆஸ்பத்திரியில இருந்துதான் வர்றேன். மகளுக்குத்தான். கூட அவ அம்மா இருக்கா. நான் வத்தலக்குண்டு வரைக்கும் போயி ஒரு வேலைய முடிச்சிட்டு நாளைக்கே திரும்பணும். நீங்க? பெரியகுளமா? நல்லதாப் போச்சு, நான் எறங்குற வரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு. தூக்கம் வந்தாத் தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவேன். பேசாம இருந்தா நெனப்பெல்லாம் அங்கயே போயிருது.

பைக்குள்ள என்னன்னுதானே பாக்குறீங்க? கயிறு தம்பி. கெணத்துக் கயிறு இல்ல, மாட்டுக் கயிறும் இல்ல. எம்மக உசுரக் காப்பாத்துன கயிறு. காட்டுறேன், இருங்க. வாடிப்பட்டி தாண்டட்டும், கூட்டம் கொறையும்.

என் பேரு சௌந்தரபாண்டி. வத்தலக்குண்டுல வந்து கரண்டு சௌந்தரபாண்டின்னு கேட்டாச் சின்னப் புள்ளையும் வீட்டைக் காட்டும். ஈ.பி.யில லைன்மேனாச் சேந்து போர்மேனா ரிட்டையர் ஆனவன். ஆயுசு பூரா கம்பம் ஏறுனவன். கயிறு, பெல்ட்டு, கொக்கி இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல. இதை எதுக்குச் சொல்றேன்னா, எம்மக அதை ஒத்துக்கவே மாட்டா. எவனோ எங்கயோ இங்கிலீசுல பேசுறதை போன்ல பாப்பா, அதுதான் வேதம். பெத்த அப்பன் சொன்னா 'அது வேறப்பா, இது வேறப்பா'ம்பா.

தாமரைச்செல்வின்னு பேரு. தாமரைன்னு கூப்புடுவோம். பெங்களூர்ல கம்பெனியில நல்ல வேலை. கல்யாணம் பேசலாம்னு நாங்க ரெண்டு பேரும் நாயா அலைஞ்சுக்கிட்டு இருக்கோம், அவ என்னடான்னா பாறையில ஏறுறா. பாறையிலன்னா மலைக்கோயிலுக்குப் படியேறுற மாதிரின்னு நான் மொதல்ல நெனச்சுக்கிட்டேன். அப்புறம்தான் போட்டோ காட்டுனா. செவுரு மாதிரி நிக்குது தம்பி. பல்லி போற எடத்துல இவ போறா. மேல போயி என்னம்மா இருக்குன்னு கேட்டா, 'ஒண்ணும் இல்லப்பா, எறங்கிருவோம்'ங்கிறா. நான் ஏறுனது வயித்துப்பாட்டுக்கு. எறங்குறதுக்காக ஏறுறவங்களை என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல.

கூட பெனிட்டான்னு ஒரு பொண்ணு, திண்டுக்கல்லு. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சதுக. இவ மேல ஏறுவா, அது கீழ நின்னு கயித்தைப் புடிச்சுக்கும். பாறையில அங்கங்க ஆணி அடிச்சு வளையம் மாட்டி வச்சிருப்பாங்க. இவ ஏற ஏற ஒவ்வொரு வளையத்துலயும் கயித்தைக் கோத்துக்கிட்டே போகணும். கை நழுவுச்சுன்னா கடைசியாக் கோத்த வளையத்துக்கும் கீழ வந்துதான் கயிறு நிறுத்தும். அதுவரைக்கும் அந்தரம். இதை ஒரு வெளையாட்டுங்கிறாங்க.

சரி, கேக்கமாட்டா. ஏறத்தான் போறான்னு ஆகிப்போச்சு. அப்பன்காரன் என்ன பண்ண முடியும், சாமானாவது உருப்படியா இருக்கட்டும்னு நெனச்சேன். பொங்கல் லீவுல வந்தப்ப, அடுத்தவங்க சாமான்ல ஏறுனது போதும்ப்பா, சொந்தமா வாங்கப்போறேன்னா. கூட வர்றேன், நாம சேந்து பாத்து எடுப்போம்னேன். இவ எனக்குத் தெரியாம எல்லாத்தையும் பார்சல்ல வரவழைச்சிட்டா. பெட்டி பெட்டியா வந்து எறங்குது. எனக்குக் கோவம்தான். ஆனா வீட்டுக்கு வந்த சாமானைச் சோதிக்காம விடமுடியுமா?

ஹெல்மெட்டைத் தரையில கவுத்துப் போட்டு மேல ஏறி நின்னேன். 'அப்பா! அது கல்லு விழுந்தாத் தாங்குறதுக்கு, நீங்க நிக்கிறதுக்கு இல்ல'ன்னு கத்துறா. தாங்குச்சு, அதுவரைக்கும் சரி. கொக்கியை உத்தரத்துல மாட்டி அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். அதுவும் தாங்குச்சு. பெல்ட்டு இடுப்புக்கும் தொடைக்குமா நல்லாத் தச்சிருந்தான், நம்ம டிபார்ட்மெண்டு பெல்ட்டைவிட ஒசத்திதான். செருப்புதான் கூத்து. காலுக்கு ஒரு அளவு சின்னதா வாங்கியிருக்கா, வெரலெல்லாம் மடங்கிக்கிட்டு நிக்குது. மாத்திட்டு வான்னா, அப்படித்தான் இருக்கணுமாம். சரி தொலையுதுன்னு விட்டேன். பாத்தீங்களா, நானும் விட்டுக் குடுக்கத்தான் செஞ்சேன். சும்மா என்னைப் பிடிவாதக்காரன்னு சொல்றா என் வீட்டுக்காரி.

முதலுதவிப் பெட்டின்னு ஒண்ணு வாங்கியிருந்தா. தொறந்து பாத்தா, சுத்துற துணி, அதுக்குக் கீழ இன்னொரு சுத்துற துணி. முக்கோணமா ஒரு வெள்ளைத் துணி. கை கால் ஒடிஞ்சா வச்சுக் கட்டுறதுக்கு வளையுற மாதிரி ஒரு பட்டை. குளிருக்குப் போத்திக்க ஜிகினாத்தாள் மாதிரி ஒரு போர்வை. தீக்காயத்துக்கு மருந்தைக் காணோம்! தீக்காய மருந்து இல்லாம ஒரு முதலுதவிப் பெட்டியா? நானே கடைக்குப் போயி பெரிய டியூப்பா வாங்கியாந்து வச்சேன். 'பாறையில எங்கப்பா தீ வரப்போகுது?'ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. அந்த ஜிகினாப் போர்வையை நான் வெளிய எடுத்து வச்சிட்டேன். மலைமேல லைன் போகும், காத்துல பறந்து கம்பியில விழுந்தா என்ன ஆகும்? அவ சிரிச்சுக்கிட்டே திரும்ப உள்ள வச்சுக்கிட்டா. ஆனா என் டியூப்பையும் எடுத்துப் போடல. அதுக்கும் எடம் விட்டு வச்சுக்கிட்டா. அந்த வகையில நல்ல பொண்ணு.

இந்தா, வாடிப்பட்டி வந்துருச்சு. எறங்குறவங்க எறங்கட்டும்.

கடைசியா கயிறு. அதுலதான் சண்டை.

மொட்டைமாடித் தூண்ல கட்டி, கீழ வாசல் பக்கம் தொங்கிக் காட்டுறேன்னா. நானும் பாத்துக்கிட்டு நிக்கிறேன். காலை எடுத்ததும் கயிறு இழுபடுது தம்பி! அப்படியே கீழ போறா, மேல வர்றா, திரும்பக் கீழ போறா. 'தொட்டில் மாதிரி இருக்குப்பா'ன்னு அவ சிரிக்கிறா. எறங்குடீன்னு போட்ட சத்தத்துல தெருவே வெளிய வந்துருச்சு.

நான் ஏன் பயந்தேன்னு கேளுங்க. எங்கூட வேலை பாத்த சன்னாசின்னு ஒருத்தன். தங்கமான ஆளு. லீவு நாள்ல அவன் வீட்டு வேப்பமரத்துல கிளை வெட்ட ஏறுனான். இடுப்புல நைலான் கயித்தைக் கட்டிக்கிட்டுத்தான் ஏறுனான். வழுக்குச்சு. கயிறு அறுபடல தம்பி. அறுந்திருந்தாக்கூட மனசு ஆறும். இழுபட்டுச்சு. இழுத்து இழுத்துக் கீழ வரைக்கும் கொண்டாந்து தரையில போட்டுச்சு. நான் ஓடிப்போயி மடியில தூக்கிப் போட்டுக்கிட்டேன். கயிறு அவன் இடுப்புல அப்படியே இருக்கு, முடிச்சுக்கூட அவிழல. அன்னையில இருந்து இழுபடுற கயித்தைக் கண்டா எனக்கு ஆகாது. இதை நான் தாமரைகிட்டச் சொன்னேன். அவளும் பொறுமையாத்தான் கேட்டா. கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா?

'அப்பா, பாறைக்குக் கயிறு விட்டுக் குடுக்கணும்ப்பா. நான் விழுற வேகத்தை அது கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கும். கயிறு வாங்கலைன்னா அம்புட்டையும் உடம்புதான் வாங்கணும்'னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'விட்டுக் குடுக்குறதெல்லாம் மனுசங்ககிட்டம்மா. கயிறு விட்டுக் குடுத்தா அதுக்குப் பேரு ரப்பரு'ன்னேன். அந்தக் கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

நீங்களே சொல்லுங்க. தெரிஞ்சே ரப்பர்ல புள்ளையைத் தொங்கவிடுறவன் அப்பனா?

அவ பெங்களூரு போனப்ப சாமானெல்லாம் நம்ம வீட்லயே வச்சிட்டுப் போனா. திரும்பி வந்ததும் சிறுமலைப் பக்கம் ஏதோ ஒரு பாறைக்குப் போறதா ஏற்பாடு. நான் மதுரைக்குக் கெளம்பிட்டேன். டவர்ல ஏறுறவங்க, கண்ணாடிக் கட்டடம் தொடைக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் சாமான் விக்கிற கடை ஒண்ணு இருக்கு. போன்ல எடுத்த போட்டோவைக் காட்டி, இதே மாதிரி நீலக் கயிறு, ஆனா துளி இழுபடக்கூடாதுன்னேன். 'ஏறுறதுக்கா, தொங்குறதுக்கா?'ன்னு கேட்டான் கடைக்காரன். எதுவா இருந்தா என்னப்பா, ஆளு உசுரு அதுல நிக்கணும்னேன். இருக்குறதுலயே ஒசந்த கயித்தை எடுத்துக் குடுத்தான். நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் நின்னு இழுத்துப் பாத்தோம். ஒரு நூல் நகரல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. இப்படி ஒரு கயிறு அன்னைக்கு சன்னாசிகிட்ட இருந்திருந்தா...

இந்தாங்க, இப்பக் காட்டுறேன். இந்த நுனியைப் புடிங்க. கையில ஒரு சுத்துச் சுத்திப் புடிங்க. நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கிறேன். இழுங்க. இன்னும் இழுங்க, சும்மா கூச்சப்படாதீங்க. பாத்தீங்களா? நகருதா? இரும்பு தம்பி!

அந்த நுனியில பசை மாதிரி இருக்குல்ல, அங்க ஏதோ எழுதி ஒட்டியிருந்துச்சு. அதை நான்தான் உரிச்சிட்டேன். பாத்தாக் கண்டுபுடிச்சிருவா. அவ கயித்தைச் சுத்திவைக்கிற மாதிரியே இதையும் சுத்தி அவ பையில வச்சேன். அவ கயித்தைத் தூக்கிப் பரண்ல போட்டேன். சின்னப் புள்ளையில சைக்கிள் ஓட்டி விழுந்து எந்திரிச்சு வருவா, அப்ப சாவியையும் அந்தப் பரண்லதான் ஒளிச்சு வைப்பேன். தேடிட்டு அழுவா. அழட்டும்னு விட்டுருவேன். முழங்காலு தேயுறதுக்கு அழுகை தேவலையில்ல?

வந்தா. கெளம்புற அன்னைக்குக் கயித்தை எடுத்துக் கையால தடவிக்கிட்டே பாத்தா. எங்கயாவது நைஞ்சிருக்கான்னு முழுசும் தடவிப் பாக்குறது அவ பழக்கம். 'என்னப்பா கயிறு வெறைச்சுக் கெடக்கு?'ன்னா. மண்ணா இருந்துச்சேன்னு சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டேன்மான்னேன். 'ஐயோ அப்பா, சோப்பா போட்டீங்க?'ன்னு என்னையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் சிரிச்சிட்டா. 'சரி விடுங்க, நாலு தடவை ஏறுனா எளகிரும்'னா. என் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போனா. அப்பன் சொன்னா நம்பிருவா, அந்த விசயத்துல சொக்கத்தங்கம்.

அன்னைக்கு நான் சலூன்ல உக்காந்திருந்தேன். பெனிட்டா போன் பண்ணுச்சு. ஒரே அழுகை. பாதி மொகத்துல நுரையோட எந்திரிச்சு ஓடுனேன்.

கை நழுவிருச்சு. கடைசியாக் கோத்த வளையத்துக்கு ரொம்ப மேல போயிட்டாளாம், விழுந்ததும் அம்புட்டுத் தூரம் வந்திருக்கா. ஆனா தரையில விழல! தரை தொடவே இல்ல. என் கயிறு வெடுக்குனு புடிச்சு நிறுத்திருச்சு. பெனிட்டா சொல்லுச்சு, 'அங்கிள், அவ நின்ன சத்தம் எனக்குக் கேட்டுச்சு'ன்னு. ஆளு நிக்கிறதுல என்ன சத்தம் வரும்? பயத்துல அது ஏதோ ஒளறுது. கயிறு உருவுனதுல அந்தப் பொண்ணுக்கு ரெண்டு உள்ளங்கையும் வெந்துபோச்சு. எதைப் போட்டாங்கங்கிறீங்க? நான் வாங்கி வச்ச தீக்காய மருந்தை! பாறையில எங்கப்பா தீன்னு சிரிச்சாளே, இப்பச் சொல்லச் சொல்லுங்க. கயிறும் நான் வச்சது, மருந்தும் நான் வச்சது. நான் மட்டும் இல்லைன்னா அன்னைக்கு ரெண்டு புள்ளைகளும் என்ன ஆகியிருக்கும்?

ஆனா பாருங்க, அவளுக்கு முதுகெலும்புல கீழ ஒரு எலும்பு நொறுங்கிப்போச்சு.

அதுதான் எனக்கு வெளங்கல. தரையில விழல. பாறையில மோதல. தலையில ஹெல்மெட்டு, ஒரு கீறல் இல்ல. அப்புறம் எப்படி? டாக்டரும் அதைத்தான் கேட்டாரு. 'விழுந்ததுல வந்த அடி இல்லைங்க இது, நின்னதுல வந்த அடி. எதுலங்க கட்டியிருந்தீங்க?'ன்னாரு. நான் விவரம் தெரிஞ்சவன்ல, சொன்னேன்: 'ஒசந்த கயிறு சார், துளி இழுபடாது.' அவரு என் மொகத்தையே பாத்தாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. பெரிய டாக்டருங்க எல்லாம் இப்படித்தான், நம்மகிட்ட ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டாங்க.

காலையில வந்து இடது காலு பெருவெரலை ஆட்டச் சொல்றாங்க. ஆட்டுறா. ஆடல தம்பி. அவ மொகத்தைப் பாத்தா ஆட்டுற மாதிரியே இருக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆட்டுறா. காலைப் பாத்தா அது பாட்டுக்குக் கெடக்கு. பாறையை அந்த வெரலாலதானே புடிச்சு ஏறுவா? திரும்ப நடப்பாளான்னு கேட்டேன். பாப்போம்னாங்க. எப்பன்னு கேட்டேன். அதுக்கும் பாப்போம்னாங்க. அவங்க போனப்புறம் போர்வையை வெலக்கி அந்த வெரலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். எத்தனை கம்பத்துல எத்தனை லைனைச் சரி பண்ணியிருப்பேன்! ஊரே இருட்டாக் கெடக்கும், போயி ஒரு முறுக்கு முறுக்குனா வெளிச்சம் வந்துரும். இந்த ஒரு வெரலுக்கு நான் என்ன பண்றது? தொட்டா, 'தொட்டீங்களாப்பா?'ன்னு கேக்குறா. அவ கேக்குறப்ப எனக்குச் செத்துரலாம்னு இருக்கு.

ஒண்ணும் இல்ல, தூசி. சன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. வேணாம், நீங்க கயித்தை விடவேணாம், நானே இழுத்துக்கிறேன்.

நெலக்கோட்டை தாண்டிட்டமா? இன்னும் இல்லையா?

பெனிட்டா வந்துச்சு, ரெண்டு கையிலயும் கட்டோட. கட்டிலுக்குக் கீழ கயிறு கெடந்துச்சு. போலீஸ்காரன் மாதிரி அதையே பாத்துச்சு. அப்புறம் உக்காந்து, அந்தக் கட்டுப்போட்ட கையாலயே கயித்தை எடுத்து மடக்கிப் பாத்துச்சு, காலுல ஒரு பக்கம் மிதிச்சுக்கிட்டு இழுத்துப் பாத்துச்சு. நுனியைத் திருப்பி அந்தப் பசையைப் பாத்துச்சு. 'அங்கிள், இந்தக் கயிறு...'ன்னு ஆரம்பிச்சுச்சு. எனக்குச் சந்தோசம். கடைசியில ஒருத்தராவது கேட்டாங்களேன்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள கட்டில்ல இருந்து தாமரை, 'அது என் கயிறுதான் பெனி. விடு'ன்னா. சத்தமாக்கூடச் சொல்லல. அந்தப் பொண்ணு அவளைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதுருச்சு. கைவலி போல, பாவம். மருந்தைத் திரும்பப் போட்டுக்கம்மான்னு நான் டியூப்பை எடுத்து நீட்டுனேன். என் கையில இருந்து வாங்கிக்கவே இல்ல.

அதுதான் தம்பி எனக்கு வருத்தம். யாருகிட்டயும் எம்மக அந்தக் கயித்தைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொல்ல மாட்டேங்குறா. பாக்க வர்றவங்க எல்லாத்துகிட்டயும், 'எம்மேலதான் தப்பு, அசால்ட்டா ஏறிட்டேன்'ங்கிறா. டாக்டர்கிட்டயும் அதேதான். கயிறு நின்னுச்சேம்மா, அதைச் சொல்லேன்னு நானும் எத்தனையோ தடவை எடுத்துக் குடுத்தேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறா. நான் அவகிட்ட இன்னும் சொல்லல பாருங்க, அது நான் மாத்தி வச்ச கயிறுன்னு. கொஞ்சம் தேறி வரட்டும், வெரலு ஆடட்டும், அப்பச் சொல்லலாம்னு வச்சிருக்கேன். உன்னைக் காப்பாத்துனது உங்கப்பன்டீன்னு. சொன்னாச் சந்தோசப்படுவால்ல?

இன்னைக்குக் காலையில என்னைப் பக்கத்துல கூப்புட்டா. குனிங்கப்பான்னா. காதுக்கிட்ட வந்து சொல்றா: 'ஞாயித்துக்கெழமை எங்க பாறை ஏறுற குரூப்புல இருந்து பெரியவங்க விசாரிக்க வருவாங்க. கயித்தைப் பாக்கணும்பாங்க. நீங்க இதைக் கொண்டுபோயி எரிச்சிருங்க. பரண்ல இருக்கிறதை எடுத்தாந்து இந்தக் கட்டிலுக்குக் கீழ வச்சிருங்க.'

எரிக்கணுமாம்! உசுரக் காப்பாத்துனதை யாராவது எரிப்பாங்களா? நான் முடியாதுன்னேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா. 'எனக்காகப்பா'ன்னா. கையில நல்ல தெம்பு இருக்கு, கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல?

வெராண்டாவுல வீட்டுக்காரி தேம்பிக்கிட்டு நிக்கிறா. ஏன்டீ, உன் மக என்ன இப்படிச் சொல்றான்னேன். 'அவ உங்களை யாருகிட்டயும் விட்டுக் குடுக்க மாட்டாங்க'ன்னா. அதுல என்ன என்னை விட்டுக் குடுக்குறதுக்கு இருக்கு? நான் என்ன பண்ணேன்? கேட்டேன். முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. பொம்பளைங்க ரெண்டும் ஒண்ணு சேந்துக்கிட்டு எனக்குப் புரியாத மாதிரியே பேசுதுங்க.

இந்தா, பாலம் வந்துருச்சு. அடுத்து நம்ம ஸ்டாப்புதான்.

பஸ் ஏறுனதுல இருந்து ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு தம்பி. நீங்க படிச்சவரா இருக்கீங்க, உங்களுக்குத் தெரியுதா பாருங்க. கயித்தை மாத்துனதை நான் அவகிட்டச் சொல்லவே இல்ல. அவ அம்மாவுக்கும் தெரியாது. அப்புறம் பரண்ல கயிறு இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குப் போனதும் ஏணியைப் போட்டு அதை எறக்கணும். இத்தனை கம்பம் ஏறுனவனுக்குப் பரண் ஏறப் பயமா இருக்கு. அதை எடுத்து ஒரு தடவை இழுத்துப் பாத்துருவேனோன்னு பயமா இருக்கு.

கண்டக்டர் தம்பி, வத்தலக்குண்டு எறக்கம்! இருப்பா, வயசான ஆளு, எந்திரிக்கணும்ல.

வர்றேன் தம்பி. நீங்க கண்ணைத் தொடைச்சுக்கங்க, எம்மக நல்லாயிருவா. நுனியை விடுங்க தம்பி. இன்னும் சுத்திப் புடிச்சுக்கிட்டே இருக்கீங்களே. விடுங்க, நான் எறங்கணும்.